இறக்கிவிட வேண்டிய இடம்

லண்டனிலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும், ஈப்போவுக்கு வருகிறவர் பெரும்பாலும் முதலில் சிப்பாங்கில்தான் இறங்குவார். ஈப்போவுக்கென்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. சுல்தான் அஸ்லான் ஷா பெயர் தாங்கியது, டவுனிலிருந்து கால் மணி நேரத் தூரம். ஆனால் அது சிங்கப்பூர் மாதிரி பக்கத்து ஊர்களோடு நின்றுவிடும். கடல் தாண்டி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.தான், அதற்கப்புறம் ஏறக்குறைய 260 கிலோமீட்டர் சாலை. விமான நிலைய ரயிலில் ஏறினால் 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து ஈப்போவுக்கு இ.டி.எஸ். மின்ரயில், 2010லிருந்து ஓடுகிறது. நேராக ஈப்போ அமான்ஜெயா நிலையத்துக்கு வரும் பஸ்ஸும் உண்டு. கைப்பையோடு வருகிற தனி ஆளுக்கு இவை எல்லாம் தோதுதான். பதின்மூன்று மணி நேரம் பறந்து, தூக்கம் கெட்ட இரண்டு பிள்ளைகளையும் பெட்டி படுக்கைகளையும் இழுத்துக்கொண்டு வருகிற குடும்பம் என்ன செய்யும்? இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகன் செய்ததைத்தான் செய்யும்: விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வாசல்வரை ஒரு தனி வண்டியை முன்கூட்டியே பதிந்து வைக்கும்.

அந்தப் பதிவுப் படிவத்தை எனக்கும் அனுப்பியிருந்தான். விமான எண், பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, பெட்டிகள் எத்தனை, குழந்தை இருக்கை வேண்டுமா, இறக்கிவிட வேண்டிய இடம் எது. எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பியிருந்தான். கடைசிக் கட்டத்தில் ஈப்போ பழைய டவுனில் உள்ள ஒரு ஹோட்டலின் பெயர். கீழே எனக்கு ஒரு செய்தி: “அத்தை, நீங்க ஏர்போர்ட்டுக்கு அலைய வேண்டாம். வண்டி ஹோட்டலுக்கே கொண்டுவந்து விட்டுடும்.”

பிள்ளை என் கால்வலியை நினைத்துத்தான் அப்படி எழுதினான். புந்தோங்கில் என் வீடு இரண்டு அறை வீடு, நாலு பேரைப் படுக்க வைக்க இடம் போதாது, அதுவும் அவனுக்குத் தெரியும். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போது எதிரே நிற்க யாரும் இல்லை என்பது, என் நினைவு தெரிந்து நடந்ததில்லை. பதிவு நிறுவனம் முதல் நாளே டிரைவரின் பெயரையும் வண்டி எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அனுப்பிவிடுகிறது. அந்த எண்ணுக்கு அழைத்தேன். தமிழ்ப்பிள்ளை. ஈப்போவிலிருந்துதான் கிளம்புகிறார்.

“காலியாத்தான் கீழ போறேன், டீச்சர். வாங்க, ஏத்திக்கிறேன்,” என்றார்.

நான் டீச்சர் என்று அவருக்குச் சொல்லவில்லை. பேச்சிலேயே தெரிந்துவிட்டதாம்.

என் அண்ணனை நாங்கள் அப்போதைய கோலாலம்பூர் விமான நிலையமான சுபாங்கில் ஏற்றிவிட்டது 1973இல். அப்போது இங்கிலாந்து மருத்துவமனைகள் தாதியர் பயிற்சிக்கு மலேசியாவிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் கொடுத்ததால், பல்கலைக்கழகத்தை நினைத்தும் பார்க்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறந்திருந்தது. பால் வெட்டும் வீட்டிலிருந்து ஒருவன் விமானம் ஏறுகிறான் என்பது, சுங்கை சிப்புட்டுக்கும் செமோருக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்துக்கே புதுச் செய்தி.

செலவுக்கு மண்டோர் ஒரு வசூல் நோட்டு போட்டார். நீளமான கணக்கு நோட்டு, நடுவில் சிவப்புக் கோடு. இடது பக்கம் பெயர், வலது பக்கம் தொகை. ஆளுக்கு ஒரு வெள்ளி. முடியாதவர்கள் ஐம்பது காசு. பணமே முடியாதவர்கள் பெயருக்கு எதிரே “கோழி 1”, “முட்டை 10” என்று எழுதியிருந்தது. கோழியும் முட்டையும் டவுன் பசாரில் விற்று அந்தத் தொகையும் பக்கத்தில் சேர்க்கப்பட்டது. அண்ணன் போன பிறகு அந்த நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பிச் செய்ய வேண்டியதை அப்பா அதைப் பார்த்துத்தான் செய்தார்.

லோரியைத் தோட்டம் கொடுத்தது. துரையிடம் பெரிய கிராணி கேட்டு வாங்கினார். வாரநாளில் ரப்பர் சீட்டும் கட்டிப்பாலும் ஏற்றுகிற லோரி அது. முதல் நாள் சாயங்காலம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள், கட்டிப்பால் வாடை போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைத் தூக்கி உள்ளே போட்டார்கள். துரை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மறுநாள் காலைப் பெரட்டுக்கு முன்னால் லோரி கொட்டகையில் நிற்க வேண்டும்.

அந்த நிபந்தனையின் கனம் அப்போது சிறுமியான எனக்குப் புரியவில்லை. பால் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டு, குளித்துவிட்டு, மத்தியானம் லோரியில் ஏறியவர்கள் அவர்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது 1994இல். அதற்கு முன்னால் பழைய சாலைதான்: ஈப்போ, கோப்பேங், கம்பார், தாப்பா, பீடோர், சுங்கை, சிலிம் ரீவர், தஞ்சோங் மாலிம், ரவாங். ஒவ்வொரு டவுனுக்குள்ளும் நுழைந்து வெளியே வர வேண்டும், மர லோரிக்குப் பின்னால் மைல் கணக்கில் ஊர்ந்து போக வேண்டும். இரவு சுபாங் போய்ச் சேர்ந்து, அண்ணனை உள்ளே அனுப்பி, மாடியில் கையசைக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே சாலையில் திரும்பினார்கள். விடிகிற நேரத்தில் லோரி தோட்டத்துக்குள் நுழைந்தது. பெஞ்சுகளை இறக்கிவிட்டு, அதே ஆட்கள் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு உளியும் வாளியுமாகக் காட்டுக்குப் போனார்கள். ஒருவர்கூட அன்றைக்கு வேலைக்கு மட்டம் போடவில்லை. போட்டிருந்தால் லோரி இன்னொரு தடவை கிடைத்திருக்காது.

1979இல் அண்ணன் கல்யாணத்துக்கு வந்தபோது லோரி மறுபடியும் போனது. விமானம் இன்ன தேதி என்று கடிதத்தில் எழுதியிருந்தார், அவ்வளவுதான் தகவல். போய்ச் சேர்ந்த பிறகுதான் விமானம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது தெரிந்தது. லோரியை நிறுத்திவைக்க முடியாது. இரண்டு பேர் சுபாங்கிலேயே தங்கிவிட்டார்கள். ஒருவர் எங்கள் பெரியப்பா, இன்னொருவர் எங்களுக்கு எந்த உறவும் இல்லாத, மூன்றாவது லயத்தில் இருந்த ஒருவர். மறுநாள் அண்ணன் வெளியே வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் கதவுக்கு நேரே நின்றார்கள். அங்கிருந்து டெக்சியில் வந்தார்கள்.

அந்த டெக்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய தனி வண்டிக்கு முன்னோடி அதுதான். டீசலில் ஓடுகிற பழைய மெர்சிடிஸ். ஊருக்கு ஊர் டெக்சி நிற்குமிடத்தில் வரிசையாக நிற்கும். “ஈப்போ, ஈப்போ” என்று ஒருவர் கூவுவார். நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். அவசரம் என்றால் காலி இடத்துக்கும் நாமே காசு கொடுத்து ஏற வேண்டும். இன்றைக்குத் தனி வண்டி என்று நாம் பதிவு செய்வது, அப்படி நாலு இடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பதைத்தான். அது போக, உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றுகிற சாப்பு வண்டிகளும் இருந்தன. அவசரத்துக்கு உதவின. வழியில் விபத்து என்றால் கேட்க நாதி கிடையாது.

இன்னும் பின்னால் போனால் என் தாத்தா. 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். அவருக்குக் கப்பல் கட்டணம் இல்லை, ரயில் கட்டணமும் இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று தோட்ட முதலாளிகள் கட்டிய குடியேற்ற நிதியிலிருந்து எல்லாம் போனது. 1907இல் தொடங்கிய நிதி அது. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம், பிறகு பிறை நிலையத்தில் ரயில், சுங்கை சிப்புட்டில் இறங்கினால் கங்காணி. வழி நெடுக ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆள் காத்திருந்தார். எல்லாம் முன்கூட்டியே கட்டணம் கட்டி ஏற்பாடு செய்தது. ஒன்றே ஒன்றுதான் குறை: எங்கே இறக்கிவிடப் போகிறார்கள் என்பது தாத்தாவுக்குத் தெரியாது. கங்காணி சொன்ன தோட்டத்தின் பெயரை அவர் ஒழுங்காக உச்சரிக்கக் கற்றுக்கொண்டதே பிறகுதான் என்று பாட்டி சொல்லுவார். இந்திய அரசு 1938இல் இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் தாத்தாவுக்கு அந்தத் தோட்டம்தான் ஊர் ஆகியிருந்தது.

விமான நிலையத்துக்கு அவர் வண்டியில் கிளம்பி, சிம்பாங் பூலாய் தாண்டி, சுண்ணாம்பு மலைகள் பின்னால் போன பிறகு டிரைவர் கேட்டார்: “டீச்சர் எந்தத் தோட்டம்?”

பேராக்கில் எங்கள் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் பெயருக்கு அடுத்து வருகிற கேள்வி இது. முப்பத்தைந்து நாற்பது வயதுக்காரர் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்னேன். அவர் தாப்பா பக்கத்துத் தோட்டம். அப்பா அம்மா இரண்டு பேரும் பால் வெட்டு. தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறி, மரத்தைச் சாய்த்து, செம்பனை போட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது இவர் ஆரம்பப் பள்ளியில் இருந்தாராம். ஒரு தொகை கொடுத்தார்கள். அது டவுனில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டத்தான் காணும். பிறகு கல்லுடைக்கிற குவாரி லோரி ஓட்டினார், அப்புறம் பயணிகள் வண்டி.

இன்றைக்கு இந்தத் தொழிலுக்கு வருவது முன்போல் லேசு இல்லை. 2019 முதல் செயலி வழி வண்டி ஓட்டுகிறவர்களும் பொதுச் சேவை ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, குற்றப் பதிவுச் சோதனை எல்லாம் உண்டு. வண்டிக்கு அனுமதி, மூன்று வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் புஸ்பாகோம் சோதனை, பயணிகளுக்கும் சேர்த்துக் காப்புறுதி. இவை வந்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். சாப்பு வண்டியில் போய்க் கைகால் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் கட்டணம் போகிற வழியைக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. என் அண்ணன் மகன் பதிவு செய்தது ஐரோப்பாவில் உள்ள ஒரு நிறுவனத்தில். அது கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அது ஈப்போவில் வண்டி வைத்து நடத்துகிற ஒருவருக்குக் கொடுக்கிறது. கடைசியில் இவருக்கு வருகிறது.

“அவங்க கட்டுனதுல பாதிக்குக் கொஞ்சம் மேல எனக்கு வரும், டீச்சர். எண்ணெயும் டோலும் அதுலதான். போறப்ப காலி ஓட்டம் வேற.”

காலி ஓட்டம் என்பதுதான் இந்தக் கணக்கின் மையம். விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிற டெக்சிக்குத் திரும்பும் வழியில்தான் காலி ஓட்டம். ஈப்போவிலிருந்து வந்து ஆள் ஏற்றுகிறவருக்குப் போகும் வழியே காலி. ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்க்க அவர் 520 கிலோமீட்டர் ஓட்டுகிறார். விமானம் இறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருப்பு இலவசம் என்று பதிவில் போட்டிருக்கும். அந்த ஒரு மணி நேரம் அவருடையது. குடிநுழைவு வரிசை நீண்டாலோ, பெட்டி வராமல் போனாலோ, அதற்கு மேல் காத்திருப்பதும் அவர்தான். நல்ல விஷயம் ஒன்றும் இருக்கிறது. விமான எண் கையில் இருப்பதால், தாமதம் என்றால் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். சுபாங்கில் என் பெரியப்பா இரவு முழுக்க உட்கார்ந்திருந்தது இனி யாருக்கும் நேராது.

ஷா ஆலாம் பக்கம் திரும்பி எலைட் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது புத்ராஜெயாவுக்குப் பிரிகிற பலகை வரும். அந்த இடத்தில் நான் எப்போதும் பேச்சை நிறுத்திவிடுவேன். அந்த நிர்வாகத் தலைநகரம் எழுந்த நிலத்தில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தொடங்கிய தோட்டம், நல்ல பால் தரும் ரப்பர் ரகங்களை ஆராய்ந்து பிரித்தெடுத்ததில் பேர் போனது. பி.பி. என்று தொடங்கி எண் போட்ட ரகங்கள் அங்கிருந்துதான் நாடு முழுவதும் போயின. எங்கள் அம்மா வெட்டிய நிரையிலும் பி.பி. 86 இருந்தது. பிராங் பெசாரையும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களையும் காலி செய்தபோது அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். பிரதமர் அலுவலகம் 1999இல் புத்ராஜெயாவுக்கு வந்தது. அந்த அடுக்குமாடியில் விழுந்த வெடிப்புகளைப் பற்றிப் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் படித்துக்கொண்டிருந்தேன். பலகையைத் தாண்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கே.எல்.ஐ.ஏ. 1998இல் திறந்தது. தரையிறங்கும் விமானத்தின் சன்னலில் இன்றைக்கும் முதலில் தெரிவது செம்பனைதான். வருகைக் கூடத்தில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பலகைகளோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். காகிதத்தில் எழுதியவர்கள் சிலர், ஹோட்டல் சின்னம் போட்ட அட்டை வைத்தவர்கள் சிலர். எங்கள் டிரைவர் கைக்கணினியில் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு மார்புக்கு நேராகப் பிடித்திருந்தார். ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம் அப்படியே நின்றார், ஒரு தடவைகூடக் கையைத் தாழ்த்தவில்லை. அண்ணன் மகன் தள்ளுவண்டியோடு வந்தான். பெயர்ப் பலகையைத்தான் முதலில் பார்த்தான், அதை நோக்கித்தான் நடந்து வந்தான். கிட்டே வந்த பிறகுதான் பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்தான். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டான். டிரைவர்தான் ஓடிப்போய் அதைப் பிடித்தார்.

பிள்ளைகள் தஞ்சோங் மாலிம் வரும் முன்பே தூங்கிவிட்டார்கள். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தித் தேத்தண்ணீர் குடித்தோம். அண்ணன் மகனுக்குத் தமிழ் பேச வரும், நிதானமாகப் பேசுவான். அவன் அப்பா தோட்டத்தைப் பற்றி அவனிடம் நிறையச் சொல்லியிருந்தார். லயம், ஆயாக் கொட்டகை, பெரட்டு, மங்கு எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. லோரியைப் பற்றியும் கேட்டான். வசூல் நோட்டைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை. என் அண்ணன் அதை மகனிடம் சொல்லவில்லை. ஏன் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒருவேளை கடனாகவே கடைசிவரை மனதில் வைத்திருந்தாரோ என்னவோ. நான் சொன்னேன். பெயர்களை எனக்கு ஞாபகம் இருக்கிறவரை சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் வானொலியை நிறுத்திவிட்டார்.

ஹோட்டல் வாசலில் இறங்கும்போது அண்ணன் மகன், “நாளைக்குத் தோட்டத்தைப் பார்க்கணும் அத்தை. கிராப் போட்டுக்கலாம்,” என்றான். மறுநாள் காலை செயலியில் தேடினான். கிடைக்கவில்லை. வரைபடத்தில் எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் வெறும் பச்சை. ஓரத்தில் ஒரு செம்பனை நிறுவனத்தின் பெயர். தோட்டத்தின் பெயரைத் தட்டினால் வேறொரு இடம் வருகிறது, டவுனில் ஒரு வீடமைப்புப் பகுதியின் நடுவே. அது பள்ளிக்கூடம். தோட்டங்கள் காலியானபோது பல தமிழ்ப்பள்ளிகளை டவுன் பக்கம் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். பெயரை மாற்றவில்லை. பெயரில் லாடாங் என்று இருக்கும், சுற்றிலும் வரிசை வீடுகளும் காப்பிக்கடையும் இருக்கும். அப்படி ஒரு பள்ளியில்தான் நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். தோட்டத்தின் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பதே இன்றைக்கு அந்தப் பள்ளிகள்தாம். அந்தப் பெயரை நம்பி வண்டி பிடிக்கிறவர் பள்ளி வாசலில்தான் போய் நிற்பார்.

டிரைவரை அழைத்தேன். “அங்கேயே நில்லுங்க டீச்சர், வர்றேன். அந்த இடம் என்கிட்ட இருக்கு,” என்றார்.

வண்டியில் ஏறியதும் கைப்பேசியைக் காட்டினார். வரைபடம் முழுக்க அவரே குறித்து வைத்த புள்ளிகள். சிலிம் ரீவரிலிருந்து கோலகங்சார்வரை. ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் தட்டியிருந்தார்: “பழைய ரெண்டாம் டிவிஷன் மாரியம்மன்”, “ஆபீஸ் முக்கு, இடது சடக்கு”, “முனியாண்டி, ஆத்தோரம், மழையில போக முடியாது”. வெளிநாட்டிலிருந்தும் கே.எல்.லிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் வருகிறவர்கள் ஹோட்டலில் இறங்கியதும் அடுத்து இதைத்தான் கேட்கிறார்களாம். முதலில் தேடி அலைந்தார். பிறகு ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்த இடத்தைக் குறித்துக்கொண்டார். எந்தச் செயலியும் இதை அவரிடம் கேட்கவில்லை, இதற்காக அவருக்கு யாரும் ஒரு காசு கொடுக்கவுமில்லை.

புள்ளிகளில் பெரும்பாலானவை கோயில்களாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. லயத்தை இடிப்பார்கள், கொட்டகையை இடிப்பார்கள், ஆபீஸை நிறுவனம் தானே வைத்துக்கொள்ளும். கோயிலை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். செம்பனை இலைகளுக்கு நடுவில் கோபுரம் தெரிகிறது என்றால் அதைச் சுற்றி ஒரு காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருந்தன என்று அர்த்தம். பேராக்கில் இதற்கு மேல் நல்ல அடையாளம் கிடையாது. பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள்கூட, பக்கத்தில் வில்லியம் கெல்லி ஸ்மித் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயிலுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். கூரையில் தெய்வச் சிலைகளோடு அந்த வெள்ளைக்காரரின் சிலையும் நிற்கிறது. 1926இல் லிஸ்பனில் இறந்த அவரால் கோட்டையைக் கட்டி முடிக்க முடியவில்லை. கோயிலில் விளக்கு எரிகிறது.

எங்கள் தோட்டத்து வாசலில் கட்டைத் தடுப்பு, ஒரு ஜாகா. டிரைவர் இறங்கி மலாயில் இரண்டு வார்த்தை பேசி, வண்டி எண்ணைப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தார். செம்மண் சடக்கு. இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குச் செம்பனை. நான் பிறந்த இடத்தில் எந்தத் திசையில் எது இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. கோயில் வந்த பிறகுதான் பிடிபட்டது. கோயில் வாசலிலிருந்து வலது கைப்பக்கம் லயம், நேரே கிணறு, இடது பக்கம் பெரட்டுக் களம். அண்ணன் மகன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நான் கை காட்டிய திசையில் நடந்து போய்ப் பார்த்தான். ஒன்றுமில்லை, மரந்தான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. லோரி எந்த இடத்தில் நின்றது என்று கேட்டான். காட்டினேன்.

டிரைவர் கோயில் உண்டியலில் காசு போட்டுவிட்டு, தேங்காய் வாங்கி வரவில்லையே என்று வருத்தப்பட்டார். அவர் பிறந்த தோட்டத்துக் கோயிலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றிய பிறகு அங்கே போக அவருக்கு மனம் வரவில்லை என்றார்.

அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். இனிமேல் எங்கள் பழைய தோட்டத்துக்காரர்கள் யார் வந்தாலும் வெளிநாட்டு நிறுவனங்களில் பதிய வேண்டாம், நேராக அவரிடம் சொல்லிவிடலாம். விமான எண்ணும் ஆள்கணக்கும் ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும், காத்திருக்கிற நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டும், பேரம் பேசக் கூடாது. அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குறையும். நடுவில் இரண்டு மூன்று கைகள் இல்லாததுதான் வித்தியாசம். அவருடைய பொதுச் சேவை உரிமத்தையும் வண்டிக் காப்புறுதியையும் நானே வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் மாணவர்களின் பிள்ளைகள் உட்காரப் போகிற வண்டி அது.

தைப்பூசத்துக்கு ஆள் கூடிவிடும். புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை முருகனுக்குப் போகிற காவடிகளைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்தும் வருவார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும் என்கிறார் டிரைவர். 2008 டிசம்பரில் ஏர் ஏசியா திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியதிலிருந்து, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் அதிகம். தாத்தா பிறந்த ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தக்காரர் வேலை செய்த தோட்டத்தைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் இருப்பது ஒரு பழைய கடித உறை, அதில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், சுங்கை சிப்புட் தபால் நிலையம். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

நானும் வீட்டில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தோட்டத்தின் பழைய பெயர், டிவிஷன், மக்கள் வாயில் வழங்கிய பெயர், கோயில் எந்தச் சாமி, எந்தச் சடக்கில் திரும்ப வேண்டும். பழைய மாணவர்களை அழைத்துக் கேட்கிறேன். அவர்கள் தங்கள் அம்மா அப்பாவைக் கேட்டுச் சொல்கிறார்கள். டிரைவர் காலி ஓட்டம் போகும்போது ஒவ்வொன்றாக நுழைந்து பார்த்துக் குறித்து வருகிறார். சுங்கை சிப்புட், செமோர், பத்து காஜா, கம்பார் பக்கம் ஓரளவுக்கு வந்துவிட்டது. பெரிதாகக் காலியாக இருப்பது தெலுக் இந்தான், பாகான் டத்தோ, சித்தியவான் பக்கம். அந்தத் தோட்டங்களில் பிறந்தவர்கள், அல்லது பெற்றோர் அங்கே பால் வெட்டியவர்கள், கோயில் எந்தச் சடக்கில் இருந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும். மீதியை அவர் ஓட்டிப் பார்த்துக்கொள்வார்.